ஃபைல் படிக்கறப்ப, எழுதறப்ப எரர் வந்தா என்ன பண்றது: புதுசா கோட் எழுதறவங்களுக்கு

ப்ரிண்ட், லூப், ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு கைக்கு வந்ததும் அடுத்து எல்லாரும் தொடறது ஃபைலைத்தான், அங்கதான் முதல் தடவையா முழிப்பாங்க, நேத்து ஓடின கோட் இன்னைக்கு ஓடலை, ஆனா ஒரு எழுத்துகூட மாத்தலை. காரணம் ரொம்ப சாதாரணம். ரெண்டு நம்பரைக் கூட்டறது முழுக்க உங்க ப்ரோக்ராம் கைல இருக்கு, ஃபைல் அப்படி இல்ல, அது வெளில டிஸ்க்ல கிடக்கு, அதை வேற யாராவது டெலீட் பண்ணலாம், பேரை மாத்தலாம், இன்னொரு ப்ரோக்ராம் பிடிச்சு வச்சிருக்கலாம், டிஸ்க் நிரம்பியிருக்கலாம், பென்டிரைவைப் பாதில உருவியிருக்கலாம். கோட் சரியா இருந்தாலும் ஃபைல் எரர் வரும். வரும்போது ப்ரோக்ராம் என்ன சொல்லணும், எதைக் கெடுக்காம இருக்கணும்கறதை முன்கூட்டியே யோசிச்சு வைக்கறதுதான் நம்ம வேலை.

உதாரணத்துக்கு பெரும்பாலும் பைத்தானையே எடுத்துக்கறேன், சி-ல வேற மாதிரி நடக்கற இடத்துல அதையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல் வேலை: எரரை முழுசா படிங்க

சிவப்பு எழுத்துல பத்து வரி வந்ததும் பாதிப் பேர் அதை மூடிட்டு கோடைத் திருத்த ஆரம்பிச்சிடுவாங்க. பைத்தான்ல கடைசி வரியைப் பாருங்க, அதுல மூணு விஷயம் இருக்கும்: எரர் பேரு, ஒரு நம்பர், எந்த ஃபைல்ங்கறது. அந்த நம்பர் பைத்தான் கண்டுபிடிச்சது இல்ல, ஆப்பரேட்டிங் சிஸ்டம் குடுக்கறது, சி-ல எர்ர்நோன்னு சொல்றாங்களே அதுவேதான். லினக்ஸ்ல அடிக்கடி பாக்கப் போறது ஒரு ஆறு ஏழுதான். 2-னா அந்தப் பேர்ல ஃபைலோ ஃபோல்டரோ இல்ல. 13-னா பர்மிஷன் இல்ல. 17-னா ஏற்கனவே இருக்கு. 21-னா நீங்க ஃபைல்னு நினைச்சு ஓப்பன் பண்ணது ஃபோல்டர். 24-னா அளவுக்கு மேல ஃபைல் ஓப்பன் பண்ணி வச்சிருக்கீங்க. 28-னா டிஸ்க்ல இடம் இல்ல. 5 வந்தா மட்டும் கொஞ்சம் கவலைப்படணும், அது படிக்கற எழுதற வேலையே கீழ் மட்டத்துல தோத்துப் போச்சுன்னு அர்த்தம், பல நேரம் டிஸ்க்கோ கேபிளோதான் சாகப் போகுது, முதல்ல பேக்கப் எடுங்க.

நம்பரையும் கண்ணை மூடிட்டு நம்பக் கூடாது. ஒரு ஃபோல்டரை ஓப்பன் பண்ணா லினக்ஸ்ல 21 வரும், அதே பைத்தான் கோடை விண்டோஸ்ல ஓட்டினா 13, அதாவது பர்மிஷன் எரர் வரும். உக்காந்து பர்மிஷனை மாத்திட்டே இருந்தா விடிஞ்சிடும். அதே மாதிரி எக்செல்ல ஒரு சிஎஸ்வி ஃபைலைத் திறந்து வச்சிட்டு உங்க ப்ரோக்ராம்ல அதே ஃபைல்ல எழுதப் போனாலும் விண்டோஸ் 13-தான் குடுக்கும். எக்செலை மூடினா போதும்.

சி எழுதறவங்களுக்கு ஒண்ணு. அங்க எரர் தானா வந்து நிக்காது. எஃப்-ஓப்பன் தோத்தா நல் பாயிண்டர், அதாவது எதையும் காட்டாத வெத்து பாயிண்டர் குடுக்கும், அதை நீங்கதான் பாக்கணும், பாக்காம அந்த பாயிண்டரை வச்சு படிக்கப் போனா ப்ரோக்ராம் வேற எங்கயோ போய் விழும். நல்னு தெரிஞ்ச அடுத்த நொடியே எர்ர்நோவை ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சிடுங்க, நடுவுல ஒரு பிரிண்ட்-எஃப் போட்டாகூட அது அந்த நம்பரை மாத்திடலாம். சி++ இன்னும் அமைதி, அங்க ஃபைல் படிக்கற ஐஎஃப்ஸ்ட்ரீம் ஓப்பன் ஆகலைன்னாலும் சத்தமே போடாது, நீங்க கேட்டாதான் சொல்லும்.

ஃபைல் அங்கதான் இருக்கு, ஆனா இல்லைங்குது

புதுசா வர்றவங்க கேக்கற கேள்வில பாதி இதுதான். ஃபோல்டரைத் திறந்து காட்டி, இதோ இருக்கேன்னு சொல்வாங்க. இருக்கு, ஆனா ப்ரோக்ராம் தேடற இடம் அது இல்ல. வெறும் பேரை மட்டும் குடுத்தா ப்ரோக்ராம் அதை உங்க ஸ்க்ரிப்ட் இருக்கற ஃபோல்டர்ல தேடாது, எந்த ஃபோல்டர்லேர்ந்து ரன் பண்ணீங்களோ அங்கதான் தேடும். டெர்மினல்ல ஓடறது எடிட்டர்ல ரன் பட்டனை அமுக்கினா ஓடாததுக்கு காரணம் பெரும்பாலும் இதான், எடிட்டர் வேற ஃபோல்டர்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணுது. ஓப்பனுக்கு முந்தின வரில ஓஎஸ் மாட்யூல்ல இருக்கற கெட்-சிடபிள்யூடி-யை, அதாவது ப்ரோக்ராம் இப்ப எந்த ஃபோல்டர்ல நிக்குதுன்னு சொல்ற ஃபங்ஷனை ப்ரிண்ட் பண்ணிப் பாருங்க, ஒரே நிமிஷத்துல விளங்கிடும். நிரந்தரமா சரி பண்ணணும்னா ஸ்க்ரிப்ட் ஃபைலோட சொந்த பாத்தை எடுத்து அதுலேர்ந்து பாத் கட்டுங்க, பைத்தானோட பாத்லிப் மாட்யூல் இதுக்குன்னே இருக்கு.

அதுவும் சரியா இருந்தா ஃபைல் பேரை சும்மா ப்ரிண்ட் பண்ணாம, மறைஞ்சிருக்கற குறிகளையும் காட்டற ரெப்ர் ஃபங்ஷனைப் போட்டு ப்ரிண்ட் பண்ணுங்க. பேரை இன்னொரு ஃபைல்லேர்ந்து ஒரு வரியா படிச்சிருந்தீங்கன்னா அது வால்ல ஒரு நியூலைன் ஒட்டிட்டே வரும், சும்மா ப்ரிண்ட் பண்ணா கண்ணுக்குத் தெரியாது, ரெப்ர்ல பளிச்னு தெரியும். விண்டோஸ் பாத்ல வர்ற பேக்ஸ்லாஷ் கதையும் இதுலயே பிடிபடும், பேக்ஸ்லாஷுக்கு அடுத்து சின்ன என் வந்தா அது நியூலைன், சின்ன டி வந்தா டேப், அதனால நியூன்னு ஆரம்பிக்கற ஃபோல்டர் பேரு பாத்ல இருந்தா பாத் ரெண்டா உடைஞ்சிருக்கும். யூசர்ஸ் ஃபோல்டர்ல இன்னும் மோசம், பேக்ஸ்லாஷும் பெரிய யூவும் சேர்ந்ததால பைத்தான் ஃபைலைத் தேடவே போகாது, சின்டாக்ஸ் எரர்னு அங்கயே நின்னுடும். மேற்கோளுக்கு முன்னாடி ஒரு ஆர் போட்டு ரா ஸ்ட்ரிங் ஆக்குங்க, இல்ல சாதா ஸ்லாஷே போடுங்க, விண்டோஸ்ல பைத்தான் அதையும் ஏத்துக்கும்.

மிச்சம் ரெண்டு சில்லறை விஷயம். விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைச்சு வைக்கும், அதனால டிஎக்ஸ்டி ரெண்டு தடவை ஒட்டின ஃபைலை நீங்க ஒண்ணுன்னு நினைச்சிட்டு இருப்பீங்க. லினக்ஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வேற வேற, உங்க மெஷின்ல ஓடினது சர்வர்ல ஓடாம போகும்.

ட்ரை எக்செப்ட் எங்க போடறது

எரர் வரக்கூடிய வரியை ட்ரைக்குள்ள வச்சு, வந்தா என்ன பண்ணணும்ங்கறதை எக்செப்ட்ல எழுதறோம். இங்கதான் கருத்து வேறுபாடு நிறைய, நான் எப்படிப் பண்ணுவேன்னு சொல்றேன்.

ஃபைல் இருக்கான்னு முதல்ல செக் பண்ணிட்டு அப்பறம் ஓப்பன் பண்றது பாக்க ஒழுங்கான வழி மாதிரி இருக்கும், ஆனா செக் பண்ண நேரத்துக்கும் ஓப்பன் பண்ற நேரத்துக்கும் நடுவுல யாரோ அதை டெலீட் பண்ணிடலாம், அது மட்டும் இல்ல, இருக்குன்னு தெரிஞ்சாலும் படிக்க பர்மிஷன் இருக்கான்னு தெரியாது. எப்படியும் ஓப்பன்ல எரர் வந்தா பாக்கத்தான் போறோம், அப்பறம் எதுக்கு ரெண்டு வேலை. நேரா ஓப்பன் பண்ணுங்க, எரர் வந்தா பிடிங்க. புது ஃபைல்தான் உருவாகணும், பழசு இருந்தா அதைத் தொடக்கூடாதுன்னாலும் இதே கதைதான், இருக்கா இல்லையான்னு பாத்துட்டு டபிள்யூ மோட்ல, அதாவது எழுதற மோட்ல ஓப்பன் பண்ணாதீங்க, எக்ஸ் மோடுன்னு ஒண்ணு பைத்தான் 3.3-லேர்ந்து இருக்கு, ஏற்கனவே இருந்தா அதுவே ஃபைல்எக்சிஸ்ட்ஸ்எரர் போட்டு நின்னுடும்.

எதைப் பிடிக்கணும்ங்கறதுக்கு ஒரே கேள்வி: இந்த எரர் வந்தா இந்த இடத்துல என்னால ஏதாவது பண்ண முடியுமா? செட்டிங்ஸ் ஃபைல் இல்லைன்னா டீஃபால்ட்டை வச்சு ஓட்டலாம், சரி, ஃபைல்நாட்ஃபவுண்ட்எரரை மட்டும் அங்க பிடிங்க. அதே செட்டிங்ஸ் ஃபைல் இருக்கு, ஆனா படிக்க பர்மிஷன் இல்லைன்னா? அங்கயும் டீஃபால்ட்டை எடுத்துட்டு பேசாம ஓடினா யூசர் தான் போட்ட செட்டிங் ஏன் வேலை செய்யலைன்னு மண்டையை உடைச்சுப்பாரு. அதைப் பிடிக்காம மேல விட்டுடுங்க, ப்ரோக்ராமோட வெளி மட்டத்துல ஒரே ஒரு இடத்துல ஓஎஸ்எரரை (சிஸ்டம் குடுக்கற இந்த எரர்களுக்கெல்லாம் பொதுப் பேரு அது) பிடிச்சு ஃபைல் பேரு, பண்ணப் போன வேலை, சிஸ்டம் சொன்ன காரணம் மூணையும் எஸ்டிடி-எரர்ல, அதாவது எரர் மெசேஜுக்குன்னு இருக்கற வழில எழுதிட்டு, பூஜ்ஜியம் இல்லாத எக்ஸிட் கோடோட வெளில வந்துடுங்க. அந்த எக்ஸிட் கோடு முக்கியம், உங்க ப்ரோக்ராமை இன்னொரு ஸ்க்ரிப்ட் கூப்பிட்டுச்சுன்னா அதுக்கு நீங்க தோத்தது தெரியற வழி அது ஒண்ணுதான்.

பழைய கோட்ல ஐஓஎரர்னு பாப்பீங்க. 3.3-ல அதை ஓஎஸ்எரரோட சேத்துட்டாங்க, இப்ப ரெண்டும் ஒண்ணுதான், குழம்ப வேண்டாம்.

எக்செப்ட் போட்டு பேரே குறிப்பிடாம கீழ பாஸ்னு எழுதறது மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஃபைல் எரரை மட்டும் விழுங்காது, வேரியபிள் பேரை தப்பா டைப் பண்ணியிருந்தா அதையும் விழுங்கும், கண்ட்ரோல் சி அமுக்கி நிறுத்தப் பாத்தா அதையும் விழுங்கும். ட்ரைக்குள்ள ஐம்பது வரி போடறதும் கிட்டத்தட்ட அதே வியாதிதான், எந்த வரில வந்த எரரைப் பிடிச்சோம்னே தெரியாது. ஓப்பன், படிக்கறது, அவ்ளோதான் உள்ள இருக்கணும்.

மூடறது

வித் போட்டு ஓப்பன் பண்ணுங்க, நடுவுல எரர் வந்தாலும் அதுவே மூடிடும். ஜாவால இதுக்கு ட்ரை வித் ரிசோர்சஸ், ஜாவா 7-லேர்ந்து இருக்கு. மூடாம விட்டா என்ன ஆகும்னா, ஒரு ப்ராசஸ் இத்தனை ஃபைல்தான் திறந்து வச்சிருக்கலாம்னு சிஸ்டம் ஒரு எல்லை வச்சிருக்கும், பல லினக்ஸ் மெஷின்ல அது 1024, லூப்ல ஓப்பன் பண்ணி மூடாமலே போனா ஆயிரத்துச் சொச்சத்துல 24-ம் நம்பர் எரர் வரும். டெஸ்ட் பண்ணப்ப பத்து ஃபைல்தான் வச்சிருந்தீங்க, அதனால தெரியலை.

படிக்கும்போது

சி-ல எஃப்-இஓஎஃப் இல்லாத வரைக்கும் படிச்சிட்டே இருன்னு ஒரு வைல் லூப் எழுதறது பல பேர் சொல்லிக் குடுக்கற வழக்கம், அதனாலதான் கடைசி வரி ரெண்டு தடவை ப்ரிண்ட் ஆகுது. எஃப்-இஓஎஃப் ஃபைல் முடியப் போகுதான்னு சொல்லாது, ஏற்கனவே படிக்கப் போய் முட்டிக்கிட்டோமான்னுதான் சொல்லும். படிக்கற ஃபங்ஷன் திருப்பிக் குடுக்கறதை வச்சே லூப்பை ஓட்டுங்க, லூப் முடிஞ்சதும் எஃப்-எரரைக் கேட்டு, ஃபைல் முடிஞ்சதால நின்னோமா எரரால நின்னோமான்னு பாருங்க. எஃப்-கெட்-சி குடுக்கறதை கேர் வேரியபிள்ல வாங்காதீங்க, இன்ட்ல வாங்குங்க, இல்லைன்னா பல மெஷின்ல 255-ங்கற பைட் ஃபைல் முடிஞ்சதுக்கான அடையாளம் மாதிரியே தெரிஞ்சு, படம் மாதிரி ஃபைலெல்லாம் பாதியோட நின்னுடும்.

பைத்தான்ல படிக்கும்போது வர்ற பெரிய தலைவலி என்கோடிங். ஒண்ணை முதல்லயே தெரிஞ்சுக்கங்க, யூனிகோட்டிகோட்எரர் ஓஎஸ்எரர் குடும்பத்தைச் சேர்ந்தது இல்ல, அது வேல்யூஎரர் குடும்பம். ஓஎஸ்எரரைப் பிடிச்சிட்டேன், எல்லா ஃபைல் எரரும் வந்தாச்சுன்னு இருந்தா இது நழுவி வெளில வந்துடும். சிஸ்டம் வரைக்கும் ஃபைலை ஒழுங்காத்தான் படிச்சுக் குடுத்துச்சு, அந்த பைட்டுகளை எழுத்தா மாத்தறதுலதான் சிக்கல்.

நம்ம எழுத்தை வச்சே பாக்கலாம். ஒரு யூடிஎஃப்-8 ஃபைல்ல மழைன்னு ஒரே ஒரு வார்த்தை இருக்கு, இன்னொண்ணுல தமிழ்னு ஒரே ஒரு வார்த்தை. என்கோடிங் எதுவும் குடுக்காம விண்டோஸ்ல ஓப்பன் பண்ணா, பல மெஷின்ல பைத்தான் அதை 1252-ங்கற பழைய கோட்பேஜ்னு, அதாவது எந்த பைட்டுக்கு எந்த எழுத்துன்னு சொல்ற ஒரு பழைய அட்டவணைப்படி எடுத்துக்கும். யூடிஎஃப்-8-ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட், ம, ழ, ஐகாரக் குறின்னு மழைல மூணு குறி, ஆக ஒன்பது பைட், அந்த ஒன்பதுக்கும் 1252-ல ஏதோ ஒரு எழுத்து இருக்கு, அதனால எரரே வராது, சம்பந்தமில்லாத ஒன்பது எழுத்து ஸ்ட்ரிங்குக்குள்ள வந்து உக்காந்துக்கும். தமிழ்ங்கற வார்த்தைல கடைசில புள்ளி இருக்கு, புள்ளியோட பைட்டுகள் 224, 175, 141. அந்த 141-க்கு 1252-ல எழுத்தே ஒதுக்கலை, அதனால பைத்தான் எரர் போட்டு நின்னுடும், எரர்ல அந்த நம்பரை ஹெக்ஸ்ல காட்டும். அதாவது ஃபைல்ல புள்ளி மாதிரி 1252-ல இடமே இல்லாத பைட் வர்ற குறி ஏதாவது இருந்தா தப்பிச்சீங்க, இல்லைன்னா குப்பையைப் படிச்சிட்டு குப்பையையே டேட்டாபேஸ்ல எழுதி வச்சிருப்பீங்க. எரர் வராதது எப்பவும் நல்ல செய்தி இல்ல.

அதனால டெக்ஸ்ட் ஃபைல் எதை ஓப்பன் பண்ணாலும் என்கோடிங்ல யூடிஎஃப்-8னு எழுதிடுங்க, படிக்கறதுக்கும் எழுதறதுக்கும். பைத்தான் 3.15-லேர்ந்து டீஃபால்ட்டே அதுதான்னு முடிவு பண்ணிட்டாங்க, ஆனா உங்க கோட் பழைய வெர்ஷன்லயும் ஓடும்ல. சிஎஸ்வி-ல முதல் நெடுவரிசைப் பேருக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒட்டிட்டு வந்தா அது பாம் (பைட் ஆர்டர் மார்க்), ஃபைல் ஆரம்பத்துல வைக்கற ஒரு அடையாளக் குறி, யூடிஎஃப்-8-சிக்னு குடுத்தா அதைக் கழட்டிட்டுப் படிக்கும். எரர்ஸ்ங்கற இடத்துல இக்னோர் போட்டு எழுத்துகளைத் தூக்கிப் போடறதை மட்டும் தீர்வுன்னு நினைக்காதீங்க, டேட்டா தொலையுது, யாருக்கும் தெரியாம தொலையுது.

காலி ஃபைலையும் மறந்துடாதீங்க. ஓப்பன் ஆகும், படிக்கவும் செய்யும், எரர் ஒண்ணும் இல்ல, கிடைக்கறது வெறும் ஸ்ட்ரிங், அதை ஜேசன் பார்சர்கிட்ட குடுத்ததும் அங்க வெடிக்கும்.

எழுதும்போது: இதுதான் நிஜமான ஆபத்து

படிக்கறப்ப எரர் வந்தா மறுபடி ஓட்டிக்கலாம். எழுதறப்ப வந்தா ஏற்கனவே இருந்ததும் போயிடும். டபிள்யூ மோட்ல ஓப்பன் பண்ண அந்த நொடியே பழைய ஃபைல் காலி, நீங்க இன்னும் ஒரு எழுத்துகூட எழுதியிருக்க மாட்டீங்க, அதுக்கப்பறம் உங்க கணக்குல ஏதோ தப்பு வந்து ப்ரோக்ராம் நின்னா பழசும் இல்ல புதுசும் இல்ல. வித் ஃபைலை மூடும், போனதைத் திருப்பிக் குடுக்காது.

ரெண்டாவது, ரைட் கூப்பிட்டது வெற்றின்னு திரும்பி வந்தா டிஸ்க்ல ஏறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. முதல்ல அது மெமரில ஒரு பஃபர்ல சேரும், பஃபர் நிரம்பும்போதோ மூடும்போதோதான் சிஸ்டத்துக்குப் போகும். தபால் பெட்டில போட்டாச்சு, ஊர் போய்ச் சேரலை. இதை நேர்ல பாக்க லினக்ஸ்ல ஒரு அருமையான வசதி இருக்கு, டெவ் ஃபோல்டருக்குள்ள ஃபுல்னு ஒரு டிவைஸ், அதுல எது எழுதினாலும் டிஸ்க் நிரம்பிடுச்சுன்னு சொல்லும். பைத்தானைத் திறந்து அதை டபிள்யூ மோட்ல ஓப்பன் பண்ணி வணக்கம்னு எழுதுங்க, 7-னு பதில் வரும், ஏழு குறியும் எழுதியாச்சாம். இப்ப க்ளோஸ் கூப்பிடுங்க. 28-ம் நம்பர் எரர் அப்பத்தான் வரும்.

இதுலேர்ந்து ரெண்டு விஷயம் பிடிச்சுக்கங்க. வித்துக்கு உள்ள ட்ரை போட்டு ரைட்டை மட்டும் சுத்தி வச்சிருந்தீங்கன்னா இந்த எரர் அதுல மாட்டாது, ஏன்னா அது வித் முடிஞ்சு வெளில வர்றப்ப வருது, ட்ரை வித்துக்கு வெளில இருக்கணும். சி-ல எஃப்-க்ளோஸ் என்ன திருப்பிக் குடுக்குதுன்னு யாருமே பாக்கறது இல்ல, எழுதற ஃபைலுக்கு மட்டுமாவது பாருங்க. சேவ் ஆயிடுச்சுன்னு யூசர்கிட்ட சொல்றது மூடி முடிச்ச அப்பறம்தான்.

இப்ப முக்கியமான ஃபைலை எப்படி எழுதறதுன்னா இப்படி. அதே ஃபோல்டர்ல வேற ஒரு தற்காலிகப் பேர்ல புது ஃபைல் திறந்து முழுசையும் எழுதுங்க, பஃபர்ல இருக்கறதை சிஸ்டத்துக்குத் தள்ள ஃப்ளஷ் பண்ணுங்க, ஓஎஸ் மாட்யூல்ல இருக்கற எஃப்-சிங்க்கைக் கூப்பிட்டு டிஸ்க்ல இறக்குங்க, மூடுங்க, எல்லாம் எரர் இல்லாம முடிஞ்சா ஓஎஸ்-ரீப்ளேஸ் வச்சு பழைய பேருக்கு மாத்துங்க. லினக்ஸ் மாதிரி சிஸ்டத்துல அந்த பேர் மாத்தற வேலை ஒரே வீச்சுல நடக்கும், படிக்கறவங்களுக்கு ஒண்ணு பழைய ஃபைல் முழுசா கிடைக்கும், இல்ல புதுசு முழுசா கிடைக்கும், பாதி கிடைக்கவே கிடைக்காது. நடுவுல எங்க எரர் வந்தாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும், தற்காலிக ஃபைலை அழிச்சிட்டு எரரை மேல அனுப்பிடுங்க. தற்காலிக ஃபைலை டிஎம்பி ஃபோல்டர்ல வைக்காதீங்க, அது வேற ஃபைல்சிஸ்டமா இருந்தா பேர் மாத்தற வேலையே 18-ம் நம்பர் எரரோட தோக்கும். ரீநேமுக்கு பதில் ரீப்ளேஸ் ஏன்னா விண்டோஸ்ல ரீநேம் அந்தப் பேர்ல ஃபைல் இருந்தா மாட்டேன்னுடும்.

சும்மா லாக் எழுதறதுக்கெல்லாம் இவ்ளோ வேண்டாம், ஏ மோட்ல கடைசில சேத்துட்டுப் போங்க. யாரோட கணக்கோ மார்க்கோ இருக்கற ஃபைலுக்கு இது வேணும்.

எரரை நீங்களே வரவழைச்சுப் பாருங்க

எரரைக் கையாளற கோட் எழுதி வச்சிட்டு ஒரு தடவைகூட ஓட்டாம விடறதுதான் வழக்கம், அதுலயே டைப்பிங் தப்பு இருந்து, எரர் வந்தப்ப எரரைச் சொல்ற வரியே விழுந்த கதை நிறைய. இல்லாத பேரைக் குடுங்க. ஃபைல் பேரு கேக்கற இடத்துல ஃபோல்டர் பேரைக் குடுங்க. காலி ஃபைலைக் குடுங்க. ஒரு படத்தை டெக்ஸ்ட்னு சொல்லிக் குடுங்க, என்கோடிங் எரர் வருதா பாருங்க. சிஎச்மாட் வச்சு பர்மிஷன் எல்லாத்தையும் எடுத்துட்டு ஓட்டுங்க, ஆனா ரூட் யூசரா ஓட்டாதீங்க, ரூட்டுக்கு அந்தத் தடை பொருந்தாது, எரரே வராம எல்லாம் சரியா இருக்குன்னு தோணும், டாக்கர் கன்டெய்னருக்குள்ள டெஸ்ட் பண்றவங்க பல நேரம் ரூட்டாத்தான் இருப்பாங்க. டிஸ்க் நிரம்பின நிலைமைக்கு மேல சொன்ன ஃபுல் டிவைஸ். எழுதிட்டு இருக்கறப்ப ப்ராசஸை கில் பண்ணி பழைய ஃபைல் முழுசா இருக்கான்னு திறந்து பாருங்க.

ஒவ்வொரு தடவையும் திரைல வர்ற மெசேஜை, கோட் எழுதாத ஒருத்தர் படிக்கற மாதிரி படிங்க. எந்த ஃபைல்னு அதுல இருக்கா? இல்லைன்னா இன்னும் வேலை பாக்கி.